கை வீசி ஆடிய காலம்

2006 நவம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட 'வீ' வீடியோ கேம் கருவியின் கன்ட்ரோலர் பார்ப்பதற்கு டி.வி. ரிமோட் போலவே இருந்தது. எந்தப் பொத்தான் எதற்கு என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். மட்டையை வீசுவதுபோல் கையை வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். வீடியோ கேம் பக்கமே எட்டிப் பார்க்காத பெரியவர்களும் ஆட வந்தார்கள். வீசிய வேகத்தில் கைநழுவி டி.வி.யைப் பதம்பார்த்த ரிமோட்டுகளும் உண்டு. அடுத்த மாதமே மணிக்கட்டு வாரைத் தடிமனாக்கி மாற்றித் தர நேர்ந்தது. ஆனாலும் விற்பனை 10 கோடியைத் தாண்டியது.

யோசனை புதிதல்ல. நின்டெண்டோவின் பழைய கருவிக்காக 1989இல் வந்த 'பவர் குளோவ்' கையுறை, அசைவைச் சரியாகப் பிடிக்காமல் தோற்றது. வீ வந்தபோது முடுக்கமானிச் சில்லுகள் மலிவாகியிருந்தன. ரிமோட்டுக்குள் அப்படியொரு சில்லு. நுனியில் ஒரு அகச்சிவப்புக் கேமரா. அந்தக் கேமரா பார்ப்பதற்காக டி.வி.க்கு அருகில் வைக்கும் பட்டையில் இருந்தவை வெறும் அகச்சிவப்பு விளக்குகளே. அதற்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்தாலும் ஆடலாம்!

பலவீனமும் அந்தச் சில்லில்தான் இருந்தது. வேகம் மாறுவது அதற்குத் தெரியும், கை எங்கே இருக்கிறது என்பது தெரியாது. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை ஒரு சொடுக்குச் சொடுக்கினாலே போதும் என்பதை ஆடுபவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். இந்தக் குறையைச் சரிசெய்ய, கை திரும்புவதை அளக்கும் சுழல்மானி சேர்த்த துணைக்கருவி 2009இல் வந்தது. அதற்குள் புதுமை தேய்ந்திருந்தது.

2010இல் வீக்குப் போட்டியாக, அசைவை வைத்து ஆடும் சோனியின் 'மூவ்', மைக்ரோசாஃப்டின் 'கினெக்ட்' இரண்டும் களமிறங்கின. கினெக்ட், அறை முழுக்க அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவி உடலின் அசைவைக் கணித்தது. முதல் 60 நாளில் 80 லட்சம் விற்று கின்னஸிலும் இடம்பிடித்தது. ஆனால் கையில் பிடிக்க ஒன்றுமில்லாமல் திரையில் ஓடுவதும் திரும்புவதும் பெரும்பாடு. சின்ன அறையில் நிற்கவே இடமில்லை. 2013இல் கினெக்டையும் சேர்த்து 499 டாலருக்கு வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன், சோனியின் 399 டாலர் பிளேஸ்டேஷன் 4க்கு முன் திணறியது. மறு ஆண்டே கினெக்டைக் கழற்றிவிட்டு விலையைக் குறைத்தார்கள். 2017இல் கினெக்ட் தயாரிப்பும் நின்றது. பொழுதுபோக்காக ஆட வந்த கூட்டத்துக்கு அதற்குள் ஸ்மார்ட்ஃபோன் கிடைத்துவிட்டது.

பெரிய வீச்சு போய், சின்ன அசைவு தங்கியது. 2015இல் வந்த 'ஸ்ப்ளாட்டூன்' ஆட்டத்தில் கன்ட்ரோலரை லேசாகச் சாய்த்துக் குறிபார்க்கலாம். மெய்நிகர் தலைக்கவசங்களிலோ கையசைவு இல்லாமல் ஆட்டமே இல்லை. முதல் கினெக்டுக்குத் தொழில்நுட்பம் தந்த இஸ்ரேலின் பிரைம்சென்ஸை ஆப்பிள் 2013இல் வாங்கியது. ஐபோன் X முதல், முகத்தைப் பார்த்துப் பூட்டுத் திறக்கும் வசதியும் அதே புள்ளி தூவும் முறையில் இயங்குகிறது.