கடல் மாறிப் போகும் ஆறு

தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ் ரிங்லெட்டைத் தாண்டியதும், வயிற்றைப் புரட்டாமல் இருந்தால், சன்னல் வழியே எட்டிப் பாருங்கள். ஓர் ஏரி தெரியும். அதைத் தேக்கி நிற்பது சுல்தான் அபு பாக்கார் அணை. அணைக்குக் கீழே இறங்கும் பள்ளத்தாக்குதான் லெம்பா பெர்த்தாம். கேமரன் மலைக்கு வருகிறவர்கள் ஸ்ட்ராபெரி வாங்கவும் தேயிலைக்கு நடுவே படம் எடுக்கவும் நேரே மேலே போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பெர்த்தாம் ஆற்றைத்தான்.

பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்கும் சற்று உயரம். அங்கே மேகம் மரங்களுக்குள்ளேயே புகுந்து போகும். கிளையெல்லாம் பாசி. அந்தப் பாசி மேகத்திலிருந்தே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக ஓடைகளுக்கு விடுகிறது. அந்த மலைப்பக்கம் பிறக்கும் பெர்த்தாம், தானா ராத்தா வழியாக இறங்கி வருகிறது.

இயற்கை போட்ட வழிப்படி அது கிழக்கே ஓடி, தெலோம், ஜெலாய் ஆறுகளோடு கலந்து, பகாங் ஆறாகித் தென் சீனக் கடலில் விழ வேண்டும். ஆனால் 1963 முதல் அதன் தண்ணீரில் பெரும்பகுதி மேற்கே போகிறது! அணையில் தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, பேராக் மாநிலப் பக்கம் வெளியேறி, கடைசியில் மலாக்கா நீரிணையைச் சேர்கிறது.

ஏன் இத்தனை பாடு? மேற்குச் சரிவு செங்குத்து. ஒரு லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் விழுந்தால் ஏறக்குறைய 980 ஜூல் ஆற்றல் கிடைக்கும். 10 வாட் விளக்கை ஒன்றரை நிமிடம் எரிக்க அது போதும். இங்கே தண்ணீர் விழுவதோ 500 மீட்டருக்கும் மேல். கீழே ஜோர் என்ற இடத்தில், பூமிக்கு அடியில் உள்ள மின் நிலையத்தில் அது சுழலிகளைச் சுழற்றுகிறது.

இனி ஆற்றின் நிறத்தைக் கவனியுங்கள். நல்ல மழைக்குப் பிறகு தண்ணீர் தே தாரேக் நிறத்தில் வரும். அது மலையின் மேல்மண். காட்டை வெட்டி, சரிவை வெறுமையாக விட்ட இடங்களில் மழைத்துளி மண்ணை நேரடியாக அடித்துப் பெயர்த்துவிடுகிறது. ஓடி வந்த மண் ஏரியின் அடியில் படிகிறது. மண் ஏற ஏறத் தண்ணீருக்கு இடம் குறையும். கனமழையில் ஏரி சீக்கிரம் நிரம்பும். மதகைத் திறந்தாக வேண்டும். 2013 அக்டோபரில் நள்ளிரவு தாண்டி அப்படித் திறந்தபோது வெள்ளம் லெம்பா பெர்த்தாம் வீடுகளுக்குள் பாய்ந்தது. உயிர்களும் போயின. பள்ளத்தாக்கில் இருக்கும்போது அணையின் சைரன் கேட்டால், வேடிக்கை பார்க்க ஆற்றங்கரைக்கு ஓடாதீர்கள், மேட்டுக்கு ஏறுங்கள்.

தேயிலையும் காட்டை அழித்து வந்த பயிர்தான். ஆனால் 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டத்தில் ஒரு சரிவை உற்றுப் பாருங்கள். செடிகளுக்கு இடையில் மண்ணே கண்ணில் படாது. விட்டால் மரமாக வளரக்கூடிய தேயிலையைக் கவாத்து செய்து இடுப்பளவில் நிறுத்துகிறார்கள். அதனால் அது பக்கவாட்டில் பரந்து குடை பிடிக்கிறது. கொழுந்து பறிக்கக் கைக்கு எட்டவும் செய்கிறது. காட்டுக்கு ஈடாகாது, வெறும் மண்ணைவிட எவ்வளவோ மேல்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு தட்டுகளில் மண் நிரப்புங்கள். ஒன்றில் புல் பத்தையைப் பதியுங்கள், மற்றதை வெறுமையாக விடுங்கள். இரண்டையும் ஒரே அளவு சாய்த்து, பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, வழிவதைத் தனித்தனிக் கண்ணாடித் தம்ளர்களில் பிடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அடியில் படிந்த மண்ணை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சாய்வைக் கூட்டி இன்னொரு தடவை செய்யுங்கள். எந்தத் தட்டில் வித்தியாசம் அதிகம்?