தீனி போடுகிற கையில்தான் லாபம்

பசாரில் சியாக்காப் மீன் என்ன விலை என்று கேட்டுவிட்டு, கெம்போங் மீனை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் நம்மில் பலர். இந்த மீனுக்கு மட்டும் ஏன் இந்த விலை? அது தின்ற தீனியின் கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும், வாசகர்களே!

தமிழகத்தில் கொடுவா என்று பெயர் பெற்ற மீன்தான் நமது சியாக்காப். அது வளர்வதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கமுள்ள கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறிக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்குங்கள். 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அழைக்கப்பட்ட அந்தத் துறையில்தான் நம் முன்னோர் பலர் கப்பலிலிருந்து இறங்கினார்கள். அங்கிருந்து படகில் போனால் கெத்தாம் தீவு. தீவைச் சுற்றிலும் மிதவைகளில் பலகை அடித்து, வலைக்கூண்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். அவைதான் மீன் பண்ணைகள்.

வெதுவெதுப்பான கடல் நமக்கு இயற்கை கொடுத்த வரம். கிரீஸ், துருக்கி கடலோரங்களில் கூண்டில் வளர்க்கும் சீ பிரீம் என்ற மீன் விற்பனைக்குத் தயாராக ஓர் ஆண்டுக்கு மேலாகும். நம் கடலில் சியாக்காப் குஞ்சு ஆறேழு மாதத்தில் அரைக் கிலோவைத் தாண்டிவிடும். ஆனால், வேகமாக வளர்கிற பிள்ளைக்குப் பசியும் அதிகம் அல்லவா?

தீனியின் கணக்கு

முதல் இரண்டு மாதம், மீன்களின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நறுக்கிய சிறுமீனைக் காலையும் மாலையும் பிரித்துப் போடுவார்கள். பிறகு அதில் பாதி போதும். சியாக்காப் ஒரு விசித்திரமான பிராணி. மேலே வந்து பாய்ந்து தின்னும். அடியில் விழுந்ததைத் திரும்பியும் பார்க்காது. ஆகவே, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மீன் கலைந்து போனதும் கையை நிறுத்த வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். தலைக்கு 600 கிராம் வீதம் ஆயிரம் மீன் என்றால் 600 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு ஐந்தாறு கிலோ சிறுமீன் வேண்டும். அதாவது 3,000 முதல் 3,600 கிலோ. ஆலையில் செய்த உலர்தீனி என்றால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதும். 900 முதல் 1,200 கிலோ. உலர்தீனி விலை கூடுதல்தான். ஆனால் எளிதில் கெடாது, தண்ணீரையும் அவ்வளவாக அழுக்காக்காது. பத்தில் ஒரு பங்கு தீனி வீணானாலும் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத பணம் கடலில் போனதாகும்.

தீனி குறைந்தாலும் ஆபத்துதான். பசித்த குஞ்சு, தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குள்ள தம்பியையே விழுங்கிவிடும். அதனால், பெரட்டில் ஆள் பிரிப்பது போல, பெரியது சிறியது பார்த்து அடிக்கடி வேறு வேறு கூண்டுக்கு மாற்றுகிறார்கள்.

தண்ணீர் கெட்டால்

வெந்நீரில் உயிர்க்காற்று குறைவாகவே கரையும். அதோடு அழுகிய தீனியும் சேர்ந்தால், நீரோட்டம் நின்ற விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். அப்போது தீனி போடவே கூடாது. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் ஜொகூர் நீரிணையில் நுண்பாசிப் பெருக்கத்தால் கூண்டு மீன்கள் ஏராளமாக மடிந்தன. பல மாத உழைப்பு சில நாளில் போயிற்று.

இதில் நமக்கும் பங்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆறு, சுமார் 120 கிலோமீட்டர் ஓடி, கிள்ளான் துறைமுகத்தருகே கடலில் கலக்கிறது. நாம் சாக்கடையில் வீசும் குப்பையும் எண்ணெயும் அந்த ஆற்றோடு கடலுக்குத்தான் போய்ச் சேரும்.

கேரித் தீவு, பந்திங் வட்டாரத் தோட்டத்து இளைஞர்கள் இத்தொழிலில் இறங்க நினைத்தால், முதலில் மீன்வளத்துறை அலுவலகத்தில் அனுமதியையும் பயிற்சியையும் பற்றி விசாரியுங்கள். ஒரு பருவம் பிறரிடம் கூலிக்கு நின்று தொழிலைப் பழகுங்கள். பிறகு ஒரே ஒரு கூண்டோடு தொடங்குங்கள். தினமும் போட்ட தீனியை நோட்டில் எழுதி வையுங்கள். பால் நிறுத்துக் கணக்கு வைத்த குடும்பங்களுக்கு இது புதிய பாடமா என்ன?