கீழவையில் வாக்கில்லாத பிரதமர்

1964 டிசம்பர் 3. கொழும்பு காலிமுகத்திடலை ஒட்டிய பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் சிம்மாசன உரை மீது வாக்கெடுப்பு நடந்தது. அரசுக்கு ஆதரவாக 73 பேர், எதிராக 74 பேர். ஒரே ஒரு வாக்கில் ஆட்சி கவிழ்ந்தது. அந்த ஆட்சியின் தலைவி சிறிமாவோ பண்டாரநாயக்க, உலகின் முதல் பெண் பிரதமர். அன்று அவர் அந்த அவையில் வாக்களித்திருந்தால் கணக்கு சமமாகியிருக்கும். ஆனால் அங்கே வாக்களிக்கும் உரிமை அவருக்கு இல்லை. மக்கள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் சபையில் அவர் உறுப்பினராக இருக்கவில்லை. மேலவையான செனட்டில் இருந்துகொண்டே நாலரை ஆண்டுகள் நாட்டை ஆண்டார்.

‘முதல் பெண் பிரதமர் யார்’ என்ற வினாடி வினாக் கேள்விக்கு விடையாகத்தான் சிறிமாவோவின் பெயர் நம்மில் பலருக்குப் பழக்கம். அவருடைய வரலாறோ, நாடாளுமன்ற ஆட்சியில் யாருக்கு வாக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்ற கேள்வியின் வரலாறு. அதனால் தமிழர்கள் அதைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை 1931-இலேயே, டொனமூர் அரசியலமைப்பின் மூலம், ஆண்களோடு சேர்த்தே கிடைத்தது. அதே ஆண்டில் அடலின் மொலமூரே இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். அது அவருடைய தந்தை இறந்ததால் காலியான ருவன்வெல்ல தொகுதி. அடுத்த ஆண்டு கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து வென்றார். அவருடைய கணவர் தேர்தல் வழக்கில் இழந்த இடம் அது. தந்தையின் இடத்தில் மகள், கணவரின் இடத்தில் மனைவி. பெண்களுக்கென்று திறந்த முதல் வாசல் இப்படித்தான் இருந்தது. சிறிமாவோவும் அதன் வழியாகவே வந்தார்.

1959 செப்டம்பர் 25 அன்று பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவை அவருடைய கொழும்பு வீட்டில் ஒரு பௌத்த பிக்கு சுட்டார். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது. மனைவி சிறிமாவோவுக்கு அப்போது வயது 43. மூன்று பிள்ளைகளின் தாய். கண்டிப் பிரபுக் குடும்பத்தில் பிறந்து, கிராமப் பெண்களுக்காக இயங்கிய மகளிர் சமிதியில் உழைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. கட்சி அரசியலில் அதுவரை நேரடியாக இறங்கியதில்லை.

1960 மார்ச் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை. டட்லி சேனநாயக்கவின் சிறுபான்மை அரசு ஏப்ரலில், சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பிலேயே விழுந்தது. அதை வீழ்த்தக் கைகொடுத்த கட்சிகளில் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சியும் ஒன்று. பிறகு தலைமை இல்லாமல் தவித்த ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி சிறிமாவோவை அழைத்தது. கூட்டங்களில் கணவரின் பேச்சு ஒலிநாடாவில் ஒலிக்க, அதன் பின் அவர் பேசினார். ‘அழும் விதவை’ என்று எதிரிகள் கேலி செய்தார்கள். ஜூலையில் கட்சி 151 இடங்களில் 75-ஐப் பிடித்தது. எந்தத் தொகுதியிலும் போட்டியிடாத அவர் ஜூலை 21 அன்று பிரதமரானார். செனட் உறுப்பினர் பதவி பின்னால் வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து இந்திரா காந்தி பிரதமரானபோதும் அவர் மாநிலங்களவை உறுப்பினர்தான். ஆனால் இந்திரா அடுத்த ஆண்டே தேர்தலில் நின்று மக்களவைக்கு மாறிவிட்டார். சிறிமாவோ 1965 வரை செனட்டிலேயே இருந்தார்.

அதற்கான விலையை 1964-இல் கொடுத்தார். கீழவையில் அவருடைய அரசை நடத்திக்கொண்டிருந்தவர் மூத்த அமைச்சர் சி.பி. டி சில்வா. இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியோடு ஏற்பட்ட கூட்டணியும், லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு எடுத்துக்கொள்ளும் திட்டமும் அவருக்குப் பிடிக்கவில்லை. வாக்கெடுப்பு நாளன்று ஆளும் தரப்பினர் பதின்மூன்று பேரோடு அவர் எதிர் வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

பிரதமருக்கே வாக்கில்லாத அந்த அவையில் இன்னொரு பெருங்கூட்டத்துக்கும் வாக்கு இல்லை. மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைச் சொல்கிறேன். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1959-இல் தொகுதிகளை வகுத்தபோது மக்கள்தொகைக் கணக்கில் இந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் தலைக்கணக்கால் மலைநாட்டில் தொகுதிகள் கூடின. அந்தத் தொகுதிகளில் வாக்குப் போட்டவர்கள் அக்கம்பக்கத்துச் சிங்களக் கிராமத்தார். ஆளைக் கணக்கில் வைத்துக்கொண்டு வாக்கை மட்டும் கழிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஆட்சி கவிழ்வதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், 1964 அக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோவும் டெல்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் என்று மதிப்பிட்ட 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது ஏற்பாடு. 1974 ஜனவரியில் அந்த ‘பிறகு’ வந்தது. இம்முறை மேசையின் இரு பக்கமும் பெண் பிரதமர்கள். இந்திராவும் சிறிமாவோவும் ஒன்றரை லட்சத்தைச் சரிபாதியாக, ஆளுக்கு 75 ஆயிரம் என்று பிரித்துக்கொண்டார்கள். தொழிலாளர்களிடம் இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை. பெண்கள் ஆட்சிக்கு வந்தால் இப்படிப்பட்ட முடிவுகள் தாமாகவே மென்மையாகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் குடியேறினார்கள். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசு தேயிலைத் தோட்டங்களான டான்டீ தொடங்கியதே அவர்களுக்கு வேலை தரத்தான். அங்கேயும் கொழுந்துக் கூடையே தோளில் ஏறியது. இந்தியாவில் வாக்குச்சீட்டு கிடைத்தது. ஊர்க்காரர்களோ அவர்களை ‘சிலோன்காரர்’ என்றே அழைத்தார்கள்.

1970-இல் சிறிமாவோ மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது நிலைமை தலைகீழ். இம்முறை அத்தனகல்ல தொகுதியின் உறுப்பினர் அவர். கூட்டணிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பலம் இருந்தது. செனட்டையே 1971-இல் ஒழித்தார். 1972 மே 22 அன்று வந்த குடியரசு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு ஆட்சிமொழித் தகுதியும் தந்தது. பழைய அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29-ஆவது பிரிவு காணாமல் போனது. அதே கையோடு, 1970-இல் ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் 1972-இலிருந்து புதிதாக எண்ணப்பட்டது. அவைக்கு மக்களைக் கேட்காமலே கூடுதலாக இரண்டு ஆண்டுகள் கிடைத்தன.

இதை எதிர்த்து 1972 அக்டோபரில் செல்வநாயகம் காங்கேசன்துறை உறுப்பினர் பதவியை விட்டு விலகினார். தமிழர்கள் இந்த அரசியலமைப்பை ஏற்கிறார்களா என்பதை இடைத்தேர்தலில் பார்த்துவிடலாம் என்பது அவருடைய சவால். இடைத்தேர்தல் நடந்தது 1975 பிப்ரவரி 6 அன்று, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்த பிறகு. அவர் பெருவாரியாக வென்றார். பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலால் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்த யாழ்ப்பாண இளைஞர்களில் பலருக்கு அதற்குள் வாக்குப் பெட்டி மீதிருந்த நம்பிக்கை கரைந்திருந்தது. சிறிமாவோவின் தவறுகளில் இந்தத் தாமதத்தையே மிகக் கொடியதாக நான் மதிப்பேன். செல்வநாயகம் கேட்டது ஒரு தேர்தல். அதைக்கூட மறுக்கும் அரசிடம் வேறு எதைக் கேட்க முடியும்?

எண்ணிக்கை தந்ததை எண்ணிக்கையே பறித்தது. 1977 ஜூலைத் தேர்தலில் 168 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 8. தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1980 அக்டோபரில், அந்தத் தேர்தலில் ஆட்சிக்கு வந்த ஜெயவர்தன அரசின் பெரும்பான்மை, ஒரு விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கையை வைத்துக்கொண்டு, சிறிமாவோவின் குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தது. நாடாளுமன்ற இடமும் போயிற்று. பதவிக்காலத்தை நீட்டித்தவர் மீதே அதே ஆயுதம் பாய்ந்தது என்று சிலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. ஒரு கட்சித் தலைவியைத் தேர்தல் களத்திலிருந்து அப்புறப்படுத்த அவை தன் பலத்தைப் பயன்படுத்தியது தவறுதான். 1986 ஜனவரியில் மன்னிப்பின் மூலம் உரிமைகள் திரும்பின.

1994-இல் மகள் சந்திரிகா குடியரசுத் தலைவரானதும் சிறிமாவோ மூன்றாம் முறை பிரதமரானார். ஆனால் 1978 அரசியலமைப்புக்குப் பிறகு அதிகாரமெல்லாம் குடியரசுத் தலைவரிடம் போய்விட்டது. பிரதமர் நாற்காலியில் முன்பிருந்த வலு இல்லை. 2000 ஆகஸ்டில் விலகினார். அக்டோபர் 10, பொதுத்தேர்தல் நாள். வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் மாரடைப்பால் காலமானார்.

முதல் பெண் பிரதமரைத் தந்த நாட்டின் அவையில் 2020 தேர்தலுக்குப் பிறகும் 225 பேரில் பெண்கள் 12 பேர்தான். உச்சியில் ஒருவர் உட்கார்ந்ததால் கீழே படிக்கட்டு தானாக முளைத்துவிடவில்லை. 2024 செப்டம்பரில் ஹரிணி அமரசூரிய பிரதமரானபோது, அரசியல் குடும்பத்துப் பின்னணி இல்லாமல் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அதே ஆண்டு நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் வென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் வாக்குகளால் நாடாளுமன்றம் போனது அதுவே முதல் முறை. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.