ஸ்டேஷன் வேகனில் பின்புற ஸ்பீக்கர் பொருத்துதல்

ஸ்டேஷன் வேகன் என்பது பயணிகள் அமரும் பகுதியும் சரக்கு வைக்கும் பகுதியும் ஒரே கூரையின்கீழ், இடையில் நிலையான தடுப்பு இல்லாமல் அமைந்த கார் வகையாகும். சுவீடனின் வோல்வோ நிறுவனம் 1974 முதல் 1993 வரை தயாரித்த 240 வரிசையின் வேகன் வடிவம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இத்தகைய பழைய கார்களில் பின்புற ஸ்பீக்கர்களைப் புதிதாகப் பொருத்துவது எளிய வேலைபோல் தோன்றினாலும், காரின் உடலமைப்பும் பழைய வயரிங் முறையும் சில சிக்கல்களை உண்டாக்குகின்றன. அவற்றைக் கவனிக்காமல் விட்டால் ஒலி மெலிவதோடு, புதிய ரேடியோ பழுதாகவோ காரின் தகடு துருப்பிடிக்கவோ கூடும்.

செடான் காரிலிருந்து வேறுபாடு

ஸ்பீக்கரின் கூம்பு முன்னோக்கி நகரும்போது அதன் முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது; அதே நேரத்தில் பின்பக்கக் காற்றின் அழுத்தம் குறைகிறது. இந்த இரு அலைகளும் எதிரெதிரானவை. இவை ஒன்றோடொன்று கலந்தால், குறிப்பாகத் தாழ்ந்த ஒலிகள், ஒன்றையொன்று அழித்துவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். சில சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்பீக்கரைச் சுற்றிவர அந்த அலைக்கு எந்தத் தடையும் இல்லை.

செடான் காரில் பின்இருக்கைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே உள்ள தட்டில் ஸ்பீக்கர் பொருத்தப்படுகிறது. அதன் அடியில் உள்ள மூடிய டிக்கி, பெரிய பெட்டிபோலச் செயல்பட்டுப் பின்பக்க அலையைத் தடுத்து வைக்கிறது. வேகனில் அந்தத் தட்டும் இல்லை, மூடிய டிக்கியும் இல்லை. சரக்குப் பகுதியில் ஒரு பலகையை வைத்து அதில் ஸ்பீக்கரைத் திருகினால், இரு அலைகளும் ஒரே அறைக்குள் கலந்து பேஸ் ஒலி காணாமல் போகும். எனவே வேகனில் ஸ்பீக்கரின் பின்புறத்தை மூடக்கூடிய இடத்தைத் தேடுவதே முதல் வேலை.

பொருத்துவதற்கு ஏற்ற இடங்கள்

பின்பக்கக் கதவுகள்: கதவின் உட்புறம் ஓரளவு மூடிய அறையாக இருப்பதால் இது நல்ல இடம். ஆனால் கண்ணாடி கீழிறங்கும்போது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கக்கூடாது. கண்ணாடியை முழுவதும் இறக்கிவைத்து, தகட்டிலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழத்தை அளந்த பின்பே ஸ்பீக்கரை வாங்க வேண்டும். 130 மி.மீ., 165 மி.மீ. விட்டமுள்ளவை பரவலாகக் கிடைக்கின்றன. கதவின் உட்தகட்டில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாள், மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது. வேலை முடிந்ததும் அதைத் திரும்ப ஒட்டாவிட்டால் கதவின் உள்அட்டையும் தரைவிரிப்பும் நனைந்துவிடும்.

சரக்குப் பகுதியின் பக்கச் சுவர்கள்: பின்சக்கரத்துக்கு மேலும் பின்னும் உள்ள உட்குழிவில் இடம் அதிகம். எனினும் சீட் பெல்ட்டைச் சுருட்டும் கருவி, பெட்ரோல் ஊற்றும் குழாய், பின்விளக்கு வயர்கள் ஆகியவை இதே சுவர்களுக்குள் இருக்கக்கூடும். உள்அட்டையை முழுவதும் கழற்றிப் பார்க்காமல் துளையிடுவது ஆபத்தானது.

தனிப் பெட்டி: தகட்டை வெட்ட விரும்பாதவர்களுக்கு மூடிய மரப்பெட்டி பொருத்தமானது. வேகனில் சரக்குக்கும் பயணிகளுக்கும் இடையே தடுப்பு இல்லாததால், கட்டப்படாத பெட்டி விபத்தின்போது முன்னே பாய்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அதைத் தரையுடன் போல்ட்டால் இறுக்க வேண்டும்.

பழைய வயரிங்கில் உள்ள சிக்கல்

பழைய ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வயர் மட்டும் சென்றது. மைனஸ் முனை காரின் உடல் தகட்டுடன் இணைக்கப்பட்டது. இன்றைய ரேடியோக்களின் மின்சுற்று வேறானது. அவற்றில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கும் தனித்தனிப் பெருக்கி உண்டு. பாட்டு ஓடாதபோதும் அந்த இரு வயர்களிலும் பேட்டரி மின்னழுத்தத்தில் ஏறத்தாழப் பாதி இருக்கும். அவற்றில் ஒன்றைக் காரின் தகட்டுடன் இணைத்தால் பெருக்கிச் சில்லு சூடேறிப் பழுதாகலாம். எனவே பழைய ஒற்றை வயரைப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ரேடியோவிலிருந்து இரண்டு வயர்களைப் புதிதாக இழுக்க வேண்டும்.

தனியாக வாங்கிப் பொருத்தும் பெரும்பாலான ரேடியோக்களில் பின்இடது ஸ்பீக்கருக்குப் பச்சையும், பின்வலதுக்கு ஊதாவும் பயன்படுகின்றன. அதே நிறத்தில் கறுப்புக் கோடு உள்ள வயர் மைனஸ் ஆகும்.

ஓம், வாட், வயர் தடிமன்

கார் ஸ்பீக்கர்களின் மின்தடை பொதுவாக 4 ஓம். முன்ஸ்பீக்கர் செல்லும் வயரிலேயே பின்ஸ்பீக்கரையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தத் தடை 2 ஓமாகக் குறையும். 4 ஓமுக்கு வடிவமைத்த ரேடியோ அதைத் தாங்காது.

ரேடியோவின் மேல் "50 வாட் × 4" என்று அச்சிடப்பட்டிருந்தாலும் அது தொடர்ந்து கிடைக்கும் திறன் அன்று. எஞ்சின் ஓடும்போது உள்ள 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத ஒலியாகக் கிடைக்கக்கூடிய கோட்பாட்டு உச்சம் ஏறத்தாழ 26 வாட். நடைமுறையில் அதைவிடக் குறைவு. ஆகவே, தனிப் பெருக்கி இல்லாத காரில் அதிக வாட் எண்ணைவிட, குறைந்த திறனிலும் உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கரே பயன் தரும்.

வேகனில் ரேடியோவிலிருந்து பின்பகுதிக்கு 5 மீட்டர் வயர் தேவைப்படலாம். 1 சதுர மி.மீ. செப்பு வயரில் போகவர 10 மீட்டருக்குத் தடை சுமார் 0.17 ஓம், இது 4 ஓமில் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே. அரை சதுர மி.மீ. வயரில் இழப்பு இருமடங்காகும்.

பொருத்தும் முறை

1. ரேடியோவுக்குக் குறியீட்டு எண் பூட்டு இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும்.

2. கதவோர மிதிபலகையின் அடியில் வயரை இழுக்க வேண்டும். இருக்கைத் தண்டவாளத்திலோ கூர்மையான தகட்டு விளிம்பிலோ உரசக்கூடாது. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

3. பழைய கார்களின் பிளாஸ்டிக் கிளிப்புகள் வயதால் நொறுங்கும் தன்மையுடையவை. உள்அட்டையை மெதுவாக நெம்பி எடுக்க வேண்டும். மாற்றுக் கிளிப்புகளை முன்பே வாங்கிவைப்பது நல்லது.

4. தகட்டை வெட்டினால், விளிம்பை அரத்தால் தேய்த்துத் துருத் தடுப்பு பிரைமர் பூச வேண்டும். உலோகத் தூளை முழுவதும் அகற்ற வேண்டும். அது தங்கும் இடத்தில்தான் துரு தொடங்கும்.

5. ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையே இடைவெளி இல்லாதபடி நுரைப்பட்டை வைத்துத் திருக வேண்டும்.

முனைகளைச் சோதித்தல்

இரு ஸ்பீக்கர்களில் ஒன்றின் முனைகள் மாறிவிட்டால் ஒன்று முன்னோக்கித் தள்ளும்போது மற்றது பின்னோக்கி இழுக்கும். பேஸ் ஒலி மீண்டும் அழியும். இதை அறிய, ரேடியோவிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டால் போதும். பிளஸ்ஸுடன் பிளஸ் சேரும்போது கூம்பு வெளிநோக்கி அசைய வேண்டும்.

ஒலிச் சமநிலை

ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகிறது. இரு திசைகளிலிருந்து வரும் ஒரே ஒலியில், முதலில் வந்தடையும் திசையையே மனிதக் காது ஒலியின் இடமாக உணர்கிறது. பின்ஸ்பீக்கரின் அளவை மிகவும் கூட்டினால் இசை முதுகுப்புறத்திலிருந்து வருவதுபோல் தோன்றும். ஆகவே ஃபேடரைச் சற்றே முன்பக்கம் வைத்து, பின்இருக்கையில் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு மட்டும் பின்ஒலியைக் கூட்டுவது வழக்கம்.

பழைய காரைப் பேணுதல்

வெட்டிய தகட்டை முன்பிருந்தபடி ஆக்குவது கடினம். உற்பத்தி நின்றுபோன காரின் உள்அட்டைகளும் எளிதில் கிடைப்பதில்லை. எனவே, தொழிற்சாலையிலேயே ஸ்பீக்கருக்கென விடப்பட்ட துளை உள்ளதா என்று முதலில் உள்அட்டைக்குப் பின்னால் பார்ப்பதும், இல்லையெனில் திரும்பக் கழற்றக்கூடிய முறையைத் தேர்வதும் காரின் மதிப்பைக் காக்கும்.