உங்களுக்குத் தெரியுமா? துபாயும் சிங்கப்பூரும் ஒரே தூரம்!

நிலக்கோட்டை மல்லிகை கடல் தாண்டிப் போக, பக்கத்தில் உள்ள விமான நிலையம் மதுரை. அங்கிருந்து வான்வழியாகக் கிழக்கே சிங்கப்பூர் சுமார் 3,015 கி.மீ.; மேற்கே துபாய் சுமார் 2,950 கி.மீ. கிட்டத்தட்ட சரிசமம்! நிற்காமல் பறந்தால், எந்தப் பக்கமும் ஏறக்குறைய 4 மணி நேரம்தான்.

ஆனால் கடிகாரம் வேறு கணக்குச் சொல்லும். நண்பகல் 12 மணிக்குக் கிளம்பினால், சிங்கப்பூரில் இறங்கும்போது மாலை 6.30, துபாயிலோ பிற்பகல் 2.30 மணிதான்.

மல்லிகைக்கு எந்த நாட்டுக் கடிகாரமும் தெரியாது. காலையில் பறித்த மொட்டு, பொழுது சாய்ந்தால் அவிழத் தொடங்கிவிடும். அதைத் தள்ளிப்போடத்தான் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து அடைத்து அனுப்புகிறார்கள்.