ஊரடங்கும் எங்கள் பெண்பிள்ளைகளும்

ஊரடங்குச் சட்டம் எங்களுக்குப் புதியதல்ல. பங்கருக்குள்ளும் முகாம்களிலும் நாட்களைக் கழித்தவர்கள் நாம். மாதவிடாய்த் துணியைத் துவைத்துக் காயவைக்க ஒரு மறைவிடம் இல்லாமல் பட்ட துன்பத்தை எத்தனையோ சகோதரிகள் அறிவர். 2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாத் தொற்று காரணமாக நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, அந்தத் துன்பத்தின் இன்னொரு முகத்தை எங்கள் பிள்ளைகள் கண்டார்கள்.

குடும்பநல உத்தியோகத்தர்கள் அந்நாட்களிலும் கர்ப்பிணித் தாய்மாரைத் தொலைபேசியில் விசாரித்து வந்தார்கள். ஆனால் அவர்களது பதிவேடு குடும்பங்களை அடிப்படையாகக் கொண்டது. மணமாகாத இளம்பெண் அதில் இலகுவில் தென்படுவதில்லை. சாதாரண நாட்களில் ரியூசனுக்குப் போகும் வழியில் அவள் மருந்தகத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்வரலாம். ஊரடங்கில் வாசலைத் தாண்டுவதற்கே வீட்டாருக்கும், சந்தியில் நிற்கும் பொலிசாருக்கும் காரணம் சொல்ல வேண்டும். தொலைபேசியில் கேட்கலாம் என்றால், வீட்டில் இருப்பது ஒரே போன். பக்கத்தில் தகப்பனும் தமையனும்.

அவசர கருத்தடை மாத்திரையை 72 மணித்தியாலங்களுக்குள், இயன்றளவு விரைவாக எடுக்க வேண்டும். அது கருவைக் கலைப்பதில்லை. முட்டை வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. மருந்தகங்கள் பூட்டிக் கிடந்த நாட்களில் இந்த 72 மணித்தியாலம் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. எமது நாட்டில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்புச் செய்யலாம். வழியற்ற பெண் ஆபத்தான கைகளை நாடிப் போவது இதனால்தான்.

இது எமது நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. முடக்கம் 6 மாதம் நீடித்தால், வறிய மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 4 கோடி 70 இலட்சம் பெண்கள் கருத்தடை வசதியை இழக்கலாம் என ஐ.நா. சனத்தொகை நிதியம் 2020 ஏப்ரலில் எச்சரித்தது. மேற்கு ஆபிரிக்காவின் சியராலியோனில் 2014இல் எபோலா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பல மாணவிகள் கர்ப்பமாகினர். பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது, கர்ப்பிணிகள் வரக்கூடாது என அரசு தடை விதித்தது. அத்தடை 2020 மார்ச்சில்தான் நீக்கப்பட்டது. நோய் ஊரைவிட்டுப் போன பின்னரும் தண்டனையை அனுபவித்தவர்கள் சிறுமிகளே.

நாம் செய்யக்கூடியது என்ன?

மகளுக்கு மாதவிடாய் தொடங்கும் முன்னரே உடலைப் பற்றி எடுத்துச் சொல்லுங்கள். மகனுக்கும் சொல்லுங்கள். சுகாதாரத் துவாய்களை அரிசி, பருப்போடு சேர்த்து வாங்கி வையுங்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கம் மகளிடமும் இருக்கட்டும். வன்முறை நேர்ந்தால் பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற இலக்கங்கள் உள்ளன.

பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால், அவசரமாகக் கட்டிக் கொடுப்பது பரிகாரமாகாது. யுத்த காலத்தில் பாதுகாப்பு என எண்ணி இளவயதில் மணம் செய்துவைக்கப்பட்டவர்கள் எங்களிடையே பலர். அதன் பாரத்தை இன்றும் சுமப்பவர்கள் நாம். பிள்ளை வாய் திறக்கும்போது முதலில் ஏசாமல் கேளுங்கள். எல்லாக் கதவும் பூட்டியிருக்கும் நாளிலும் தாயிடம் வரலாம் என்ற நம்பிக்கை அவளுக்கு இருக்க வேண்டும்.