கல்லாவின் பக்கத்தில் கிடக்கும் மவுஸ்: எறியுமுன் திறந்து பாருங்கள்

தராசுக்குச் சட்டப்படி முத்திரை வாங்கிவிடுகிறோம். கணக்குப் புத்தகத்தை ஆடிட்டரிடம் காட்டிவிடுகிறோம். ஆனால் பில் போடும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் கிடக்கும் வயர் இல்லாத மவுஸை யாரும் கவனிப்பதில்லை. அது ஒருநாள், ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. ஒரு கிலோ துவரம் பருப்பு பில்லில் இரண்டு கிலோவாக ஏறிவிடுகிறது. வீட்டுக்குப் போய்ப் பில்லைப் பார்க்கும் வாடிக்கையாளர் மவுஸையா குறை சொல்வார்? ஐந்நூறு, அறுநூறு ரூபாய்ப் பொருள்தானே என்று வணிக அன்பர்கள் அலட்சியமாக இருக்கக்கூடாது என்று நாம் சொல்வது இதனால்தான்.

பழுது என்று மூலையில் போடப்படும் மவுஸ்கள் பலவற்றுக்கு நோய் வேறொன்றுமில்லை, அழுக்குதான். மளிகைக் கடை என்றால் மாவும் மிளகாய்த் தூளும். ஜவுளிக் கடை என்றால் நூல் பிசிறு. வெல்ல மண்டி என்றால் கைப்பிசுக்கு. நூல் பிசிறு சக்கரத்தின் அச்சில் சுற்றிக்கொள்கிறது. மாவு பட்டன் இடுக்கு வழியே உள்ளே இறங்குகிறது.

திறப்பதற்கு முன் சில காரியங்களைப் பார்த்துவிட வேண்டும். புது பேட்டரி போட்டுப் பாருங்கள். அடிப்பக்கத்து லென்ஸ் குழியில் ஒரு முடி கிடந்தாலே திரையில் அம்பு துள்ளும். பஞ்சுக் குச்சியால் துடைத்தால் தீர்ந்தது. கண்ணாடி போட்ட கவுண்டரில் சாதாரண மவுஸ் சரியாக ஓடாது. அதன் ஒளிக்கண் கீழே உள்ள பரப்பின் சொரசொரப்பைப் படம் பிடித்துத்தான் நகர்வை அறிகிறது. தெளிந்த கண்ணாடியில் அதற்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு பேடோ அட்டையோ போதும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாதது. மவுஸும் அதன் சிறிய ரிசீவரும் பேசிக்கொள்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யு.எஸ்.பி. 3.0 கருவிகளும் அவற்றின் கேபிள்களும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை வெளியிட்டது. ஆகவே கம்ப்யூட்டரின் பின்புறம், ஹார்ட் டிஸ்க் கேபிளை ஒட்டி ரிசீவரைச் செருகிவிட்டு மவுஸ் தயங்குகிறது என்று வருந்துவதில் பொருளில்லை. சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மேசை மேல் கொண்டுவந்தால் சரியாகும்.

இவற்றுக்கும் மசியாவிட்டால்தான் ஸ்க்ரூ டிரைவர். வியாபார நேரத்தில் வேண்டாம். கடை அடைத்த பிறகு வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். ஸ்க்ரூ எங்கே என்பதுதான் பெரிய புதிர். லாஜிடெக் எம்185 போன்றவற்றில் பேட்டரிக் குழிக்குள் ஒட்டியிருக்கும் லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். வேறு சிலவற்றில் அடியில் ஒட்டிய வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே இருக்கும். விரலால் அழுத்தித் தடவினால் பள்ளம் தெரியும். ஸ்க்ரூ வந்த பிறகும் ஓடு திறக்கவில்லை என்றால் உள்ளே கொக்கிகள் பிடித்திருக்கின்றன என்று பொருள். கத்தியை விட்டு நெம்பாமல் பழைய பிளாஸ்டிக் கார்டை இடுக்கில் ஓட்டுங்கள். மேல் ஓட்டைச் சட்டென்று தூக்கவும் கூடாது. சில மாடல்களில் மெல்லிய வயர் மேலுக்கும் கீழுக்கும் போகும்.

உள்ளே தூரிகையால் தூசியைத் தட்டி, சக்கரத்தைக் கழற்றி, அச்சில் சுற்றிய நூலை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போதும். தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அன்றைக்கு வழுவழுவென்று ஓடும். அப்புறம் கடைத் தூசியெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும்.

இனி அந்த இரட்டை அழுத்தம். இடது பட்டனுக்குக் கீழே சிறு கறுப்புப் பெட்டி போன்ற மைக்ரோ ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள் ஒரு மெல்லிய செம்புப் பட்டை வளைந்து, அழுத்தும்போது முனையைத் தொடுகிறது. நாளடைவில் பட்டை தளர்ந்துவிடும், முனையில் படலமும் படியும். அப்போது தொடுதல் ஒன்றாக இராமல் நடுங்கி இரண்டாகிவிடுகிறது. ஒரு பில்லுக்குப் பத்து அழுத்தம், நாளுக்கு 300 பில், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 9 லட்சம் அழுத்தம். வீட்டு மவுஸ் பல ஆண்டுகளில் காணும் உழைப்பைக் கடை மவுஸ் ஓராண்டில் கண்டுவிடுகிறது. விண்டோஸ் செட்டிங்கில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதால் இது தீராது.

ஸ்விட்சின் மூடியை ஊசியால் நெம்பி முனையைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். எள்ளளவு பட்டன் தெறித்துவிடும், செம்புப் பட்டையைத் திரும்ப மாட்டுவது பொற்கொல்லர் வேலை. நம் யோசனை வேறு. சால்டரிங் தெரிந்த டி.வி. மெக்கானிக்கிடம் கொடுத்து வலது ஸ்விட்சை இடப்பக்கமும் இடது ஸ்விட்சை வலப்பக்கமும் மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே வகைதான். வலது அதிகம் உழைக்காதது. அல்லது புதிய ஸ்விட்சே போடலாம், விலை சொற்பம். அதுவரை விண்டோஸில் இடது வலது பட்டன்களை மாற்றி வைத்து ஓட்டலாம். கல்லாவில் இருப்பவர் இரண்டு நாள் முணுமுணுப்பார், பிறகு பழகிவிடுவார்.

பேட்டரி கசிந்து வெள்ளைப் பூ பூத்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள். அல்கலைன் பேட்டரியில் இருப்பது காரம். பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் தடவி, பிறகு தண்ணீர் தொட்ட குச்சி, கடைசியில் ஆல்கஹால். பண்டிகைக்கு நான்கு நாள் கடை அடைத்தால் பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது. சார்ஜ் ஏறும் லித்தியம் பேட்டரி உள்ள மவுஸ் உப்பியிருந்தால் அதைத் திறக்கவே வேண்டாம்.

ரிசீவர் தொலைந்துபோனால் மலிவு மாடல்கள் பலவற்றில் வேறு ரிசீவர் சேராது. அப்படிப்பட்ட மவுஸையும் தூக்கி எறியாமல் டிராயரில் போட்டு வையுங்கள். அதன் ஸ்விட்சுகள் அடுத்த மவுஸுக்கு ஆகும். கூடவே வயர் வைத்த மவுஸ் ஒன்றும் அந்த டிராயரில் இருக்கட்டும்.